நாச்சிமுத்து கேட்ட பூ

நாச்சிமுத்து போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கேமரா கடையில், அவருக்குத் தெரியாமல், புதிதாக வந்திருந்த ஒரு கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். போன் அடித்தது. பார்த்தால் அவருடைய எண். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் மனுஷன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேசியது அவர் மகன். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பவுண்டரியில் நாற்காலியில் சாய்ந்தவரை டீ கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார்கள், எழவில்லை. கையிலிருந்த கேமராவைக் கடைக்காரரிடம் கொடுத்தேனா, மேஜையில் வைத்தேனா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் குழுவோடு படமெடுக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். துடியலூரில் பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி வைத்திருந்தவர், வெள்ளை அரைக்கைச் சட்டைக்காரர், எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் டீ சொல்பவர். நானோ பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே மாடல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. வெளியூரில் சார்ஜரைத் தொலைத்துவிட்டு வந்தவர், யாரோ சொல்லி என் வீட்டுக்கு வந்து ஒரு நாள் இரவலாக என்னுடையதை வாங்கிப் போனார். திருப்பித் தரவில்லை. கேட்டு வாங்கி வரலாம் என்று நான் போனேன், உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டார். அந்த ஒற்றைச் சார்ஜர் கடைசிவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டேதான் இருந்தது. அதிலிருந்துதான் எங்கள் ஒப்பந்தமும் பிறந்தது. "மாத்துனா ரெண்டு பேரும் மாத்தோணுமுங்க வாத்தியாரே. ஒருத்தரு மட்டும் மாத்திப்போட்டா அப்பறம் யாரு பேட்டரிய யாரு கேக்கறது?" என்பார்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக. ஜன்னலின் நடுவில் ஒரு சிறு கட்டம். அதற்குள் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான கணத்தில் அழுத்தினால் படம் தெளிவாக வரும். அவ்வளவுதான் விஷயம். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பது இதிலுள்ள வில்லங்கம்.

அந்த வில்லங்கத்தில் நாச்சிமுத்து ஒருமுறை தலைகுப்புற விழுந்தார். எடுத்த படத்தை வீட்டுக்குப் போகும்வரை திரையில் பார்க்கக் கூடாது என்று அவருக்கு ஒரு விரதம் உண்டு. அந்த விரதத்தோடு உறவுக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவை விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை மூடியைக் கழற்றாமலே எடுத்து முடித்தார். எல்லாம் அமாவாசை. வேறு யாராக இருந்தாலும் ஊரைவிட்டு ஓடியிருப்பார்கள். அவர் நேராக அந்த வீட்டுக்கே போய், "ஊடு புகுந்தது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பந்தியில உக்காந்தவனுக்கெல்லாம் தெரியும். படம் வேற எதுக்குங்க?" என்று கேட்டாராம். அவர்கள் சிரித்துவிட்டு இன்னொரு வேளைச் சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். மனுஷனுக்கு அப்படி ஒரு வாய்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையை. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் ஆனைமலைக்குப் போயிருந்தோம். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, நல்ல வெயிலில், நிதானமாகப் படமெடுத்தேன். வந்ததைப் பார்த்தால் துவைக்கிற கல் தெளிவாக இருக்கிறது, அந்த அம்மாவின் முகம் கலங்கலாக இருக்கிறது. ஒரு படம் இல்லை, எல்லாப் படமும் அப்படித்தான். நாச்சிமுத்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, கண்ணக் கொண்டுபோயிக் காட்டுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் நெம்புகோலும் பற்சக்கரமும் நடத்தியவன் நான், கேமராவுக்குள் இருக்கும் நெம்புகோல் நகர்ந்திருக்கிறது என்பதுகூடவா எனக்குத் தெரியாது? பொள்ளாச்சி வரும்வரை அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து திருப்புளியை எடுத்து நானே அதைச் சரிசெய்தேன். படங்கள் இன்னும் மோசமாயின.

கோபத்துக்குக் கீழே இருந்தது பயம். இப்போது சொல்வதற்கென்ன? என் அப்பாவுக்கு, எனக்கு இப்போது இருக்கும் வயதில், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போயிற்று. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. சுவரைத் தடவித் தடவி அவர் நடந்த வீட்டில்தான் நான் இன்னும் இருக்கிறேன். விளக்கைச் சுற்றி எனக்கும் வட்டம் தெரிய ஆரம்பித்தபோது, கண் டாக்டர் என்ன சொல்வார் என்பதை நானே முடிவு செய்துவிட்டேன். கோளாறு கேமராவில் இருந்தால் நல்லது. கேமராவை மாற்றிவிடலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது மாடல் வந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக உள்ளே ஒரு குட்டித் திரை. லென்ஸ் பார்ப்பதை அப்படியே காட்டும், வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் காட்டும். மூடியோடு எடுக்கவும் முடியாது. எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. நாச்சிமுத்துவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். கடைக்காரர் தொண்டையைச் செருமியபிறகுதான் கீழே வைத்தார். காரியம் பழுத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். வெளியே வந்ததும், "எதுக்கும் சாமிகிட்ட ஒரு பூ கேட்டுப்போடலாமுங்க" என்றார்.

போர்வெல் போட, லேத் வாங்க, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, எல்லாவற்றுக்கும் அவர் பூ கேட்பவர்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, சாமி காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. ஆனால் கேமராவுக்குப் பூ கேட்டவர் கொங்கு நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். "சாமிக்கு ரேஞ்ச்ஃபைண்டர் தெரியுமா?" என்று கேட்டேன். "உங்களத் தெரியுமுங்க, அது போதும்" என்றார்.

வெள்ளகோவில் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோவில். அரளிப் பூவை வாங்கிப் போய் ஓரமாக உட்கார்ந்து அவரே வாழை இலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் கட்டினார். பூசாரி வாங்கி உருட்டிப் போட்டார். "வாத்தியாரே, நீங்களே எடுங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது" என்றார் நாச்சிமுத்து. எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி. என் கையாலேயே எடுத்தது, யாரை நோவது? இன்னொரு பொட்டலத்தைச் சும்மா பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "அதப் பிரிக்கப்படாதுங்க, சாமி கோவிச்சுக்கும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் நான் உம்மென்று இருக்க, அவர், "பழைய மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு அப்பறம் புது மாட்டப் பேசலாமுங்க" என்றார். அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரி பேச்சை மறுபடி எடுத்தார். நான் பேச்சை மாற்றினேன். "படம் நல்லா வந்தா வாத்தியாரு கை, கெட்டுப்போனா கேமராவுங்களா?" என்பது அவர் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தூக்குப்போசியில் பொங்கல் கொண்டுவந்தார். கோவிலில் வைத்தாராம். என்ன விசேஷம் என்றதற்கு, "ஒரு சின்னத் தப்புக் காணிக்கைங்க. உங்களுக்கும் அதுல பங்கு உண்டு, சாப்பிடுங்க" என்றார். நெய் மணத்தில் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவருடைய காரியம் முடிந்த மறு வாரம் துடியலூருக்குப் போனேன். சார்ஜர் என்னிடம் இருந்தது. அது அவர் வீட்டுக்குப் போகவேண்டிய முறை. அவர் மனைவி ருக்மணி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். நாச்சிமுத்துவுக்குத் தெரியாமல் கடைக்குப் போனதை, சாமி வேண்டாம் என்று சொன்னபிறகும் போனதை, அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்ததை. "மனசு உறுத்துதுங்க அம்மணி" என்றேன்.

ருக்மணி, "அண்ணா, சாமி ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலீங்க. உங்க கூட்டாளிதான் சொன்னாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குத் துவைக்கறதுக்குச் சட்டைய எடுத்தேனுங்க. பையில ஒரு பொட்டலம். பிரிச்சா செவ்வரளி. என்னங்க இது, அண்ணன் எடுத்ததும் சிவப்புன்னீங்க, மிச்சம் வந்ததும் சிவப்பா இருக்குதுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சாரு. ரெண்டுலயும் சிவப்பத்தான் வெச்சுக் கட்டியிருக்காரு அந்த மனுஷன்!"

"ஏனுங்க? அவருக்கும் அந்தக் கேமராமேல ஆசைதானே?"

"கொள்ளை ஆசைங்க. தூக்கத்துல கூட அதைப் பத்திப் பேசுனாரு. ஆனா, 'வாத்தியாரு புதுசு வாங்கிட்டா ஆசுபத்திரிக்குப் போகவே மாட்டாரு. அதுல எல்லாம் பெருசு பண்ணிக் காட்டும். கண்ணு போறதே தெரியாமப் போயிரும். நாஞ் சொன்னாக் கேக்க மாட்டாரு, சாமி சொன்னாத்தான் கேப்பாரு'ன்னாருங்க. அப்பறம் சாமி பேருல பொய் சொல்லிப்போட்டமேன்னு மனசு கேக்காம, போயிப் பொங்கல் வெச்சுட்டு வந்தாரு."

துக்க வீடு என்பதை மறந்து நான் சிரித்துவிட்டேன். ருக்மணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தப் பொங்கலில் எனக்கு என்ன பங்கு என்று அப்போதுதான் விளங்கியது. யார் சொன்னாலும் வழியை மாற்றாத என்னை, ஒரு நண்பன் தன் ஆசையையும் சாமி பயத்தையும் ஒன்றாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு வழி மறித்திருக்கிறான். எழுந்து விடைபெறும்போது ருக்மணி, "இனியாவது போறீங்களா, இல்ல நானும் பூ கட்டோணுமா?" என்று கேட்டார்.

மறுநாளே போனேன். கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, அழுத்தம் பார்க்கிறபோது அப்பா சுவரைத் தடவும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. டாக்டர் சின்னப் பெண். குறிப்பை எழுதி முடித்துவிட்டு, "அழுத்தமெல்லாம் நல்லா இருக்குங்க சார். நரம்பும் நல்லா இருக்கு. புரைதான், ரெண்டு கண்ணுலயும் முத்திப் போயிருக்கு. ஏன் இத்தனை நாள் வெச்சுட்டிருந்தீங்க?" என்றார். வெறும் கண்புரை! ஊரில் பாதிப் பேருக்கு வருவது! வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் வந்த அழுகை அது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். முதலில் போன் செய்ய எடுத்தது நாச்சிமுத்துவின் எண்ணைத்தான். பிறகு ருக்மணியிடம் சொன்னேன்.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. பழைய கேமராவைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர், "நல்லாத்தான் இருக்குங்க, யாரோ தெரியாதவங்க திருப்புளிய வெச்சு நோண்டியிருக்காங்க" என்றார். ஆமாம், யாரோ தெரியாதவர்தான் என்றேன். அவர் சரிசெய்து கொடுத்ததும் எதிர்க்கடை வாசலில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர்மீது ஜன்னலைத் திருப்பினேன். இரண்டு முகம் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினேன். மெல்ல நெருங்கி வந்து ஒன்றோடொன்று பொருந்தி ஒரே முகமாயிற்று, மீசை நரை உட்பட. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வாத்தியார் தமிழ் போதாது.

உங்களில் சிலர், அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். அவருடைய கேமரா மகனிடம் இருக்கிறது, அதுதான் நியாயம். சார்ஜர் இன்னும் இரண்டு வீட்டுக்கும் நடுவேதான் அலைகிறது. என்னிடம் இருப்பது அவர் கட்டிய பொய்யும், அது மீட்டுக் கொடுத்த இரண்டு கண்ணும்தான். காலையில் விழித்ததும் விட்டத்தில் பல்லியின் வால்வரை தெரிகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே கும்பிடுகிறேன்.

போன வாரம் கிராஸ்கட் ரோடு கடைக்காரர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அன்றைக்குப் பாதியில் விட்டுப்போன அதே கேமராவை எடுத்து வைத்தார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். அருமையான சரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாச்சிமுத்து போலவே மோந்தும் பார்த்தேன், அவருக்காக. பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னங்க சார், எடுத்துக்கறீங்களா? இன்னும் யோசனையா?"

"யோசனையெல்லாம் இல்லீங்க" என்றேன். "பூ கேட்டாச்சு. ரெண்டுமே சிவப்பு."