கோமதி திறந்துவைத்த கதவு

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் கோமதியின் தம்பி. "அக்கா போயிட்டா" என்றார். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்தும், "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். போகிற வயதா அது? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவளை அறிந்தவர்களுக்கு மட்டாஞ்சேரி இறால் கம்பெனி விவகாரம் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அது எண்பத்தாறு மழைக்காலம். அங்கே இரண்டு குளிர் அறைகள். ஒவ்வொன்றிலும் இருந்த வெப்பமானி, கம்பி வழியே கணினிக்கு ஓயாமல் அளவு அனுப்பும். அதை வாங்கித் திரையில் காட்டும் புரோகிராம் நானும் கோமதியும் எழுதியது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் குளிரூட்டி நின்றுபோய் ஓர் அறை இறால் முழுவதும் இளகி நாறிக் கிடந்தது. திரையிலோ நல்ல குளிர். இரவில் திரையைப் பார்த்துக் காவலிருந்த சேவியர் தூங்கிவிட்டார் என்று அவரை வெளியே நிறுத்தினார்கள். சனிக்கிழமைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

"நம்ம புரோகிராம் சுத்தம். யாரும் வாயைத் திறக்காதீங்க" என்றார் எங்கள் முதலாளி. சுத்தமாம்! கோமதி கேட்கவில்லை. களமசேரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து இருவரும் போனோம். நாங்கள் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடியது. பள்ளுருத்தியிலிருந்து நடந்து வந்து சேவியர் கம்பெனி கேட்டுக்கு வெளியே குடையோடு நிற்பார்.

"காரணம் கிட்டியோ மோளே?"

"இல்ல சேட்டா."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தால் அவளுக்குச் சாயா இறங்காது. எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் கையைத் தட்டிவிட்டாள். போனவுடன் கணினியை ஒரு தடவை அணைத்துப் போடுவது எங்கள் வழக்கம். எங்கள் தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

"அணைக்காதே! கெட்டதைக் கெட்டபடியே பாக்கணும். தினம் வந்து நாமளேதான் தடயத்தைத் தொடைச்சிட்டிருக்கோம்."

திரையை உற்றுப் பார்த்தோம். எண்கள் அசையவே இல்லை. அப்போதுதான் கோளாறு பிடிபட்டது: கணினியை அழைக்க, வாசல் மணி போல, இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து ஒரே மணிதான். ஒன்று அமுக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றதும் அமுக்கினால் புதிதாக ஓசை எழாது. எங்கள் புரோகிராம் முதலாவதை மட்டும் கவனித்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடும். இரண்டாவது, விரலை எடுக்காமல் காத்திருக்கும். அதற்குப் பிறகு யார் அழைத்தாலும் மணி அடிக்காது. திரை கடைசி அளவையே காட்டிக்கொண்டு நிற்கும்.

கோமதி இறால் கம்பெனி மானேஜரை அழைத்து வந்தாள். அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "மெஷினுக்கு ஒரு குழப்பவும் இல்ல மோளே. ஆள் உறங்கிப்போயி."

கோமதி போய், காலியாக ஓடிக்கொண்டிருந்த அறையின் கதவை அகலத் திறந்து வைத்தாள். வெண்புகை எங்கள் கால் வரைக்கும் வந்தது. எல்லோரும் நின்றோம். உள்ளே சுவரில் நீர் வழியத் தொடங்கியது.

"சார், கதவு திறந்து கிடக்கு. இப்பத் திரையைப் பாருங்கோ."

அதே குளிர், அதே எண். மானேஜரின் சிரிப்பு நின்றது.

"தப்பு எங்களோடது. சேட்டனோடது இல்ல."

வாயைத் திறக்கக் கூடாதென்று முதலாளி சொன்னாரே என்று நான் முணுமுணுத்தேன். "நீ மிண்டாம இரு" என்று என் வாயை அடக்கினாள்.

திருத்தம் சின்னதுதான். புரோகிராம் தன் வேலைக்குத் திரும்புமுன் இரண்டு கம்பிகளையும் மறுபடி கேட்க வேண்டும், இரண்டும் ஒன்றுமில்லை என்ற பிறகே போக வேண்டும். திங்கட்கிழமை சேவியர் வேலைக்குத் திரும்பினார். அந்த மாதமே முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார். எனக்கு எப்படியோ வேறு இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை, போன இடமெல்லாம் முதலாளியின் வாய் முந்திக்கொண்டது. அப்புறம் நோய். வருத்தமா என்று ஒரு தடவை கேட்டேன். "சேட்டன் திரும்ப வேலைக்குப் போயாச்சுல்ல" என்றாள், அவ்வளவுதான்.

சுடுகாட்டுக்குச் சேவியர் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே தோள் கொடுத்தார்.

கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்: தப்பு எங்களோடது. ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்ற அது போதுமாயிருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் எங்களில் யாரிடமும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.