மடிப்புக்கு அந்தப் பக்கம்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைத்தெரு முழுக்க அவள் 'அரை இஞ்சு அக்கா'. சட்டைக்கு அளவெடுத்து முடித்ததும் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, "உள்ள ஒரு அரை இஞ்சு விட்டு வைக்கிறேன். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்கிறவரிடமும் இதையேதான் சொல்வாள். "எனக்கு இனிமே எங்கக்கா உடம்பு போடப்போகுது?" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள், இரண்டு வருஷம் கழித்து அதே சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய வந்து நின்றதும் உண்டு.

தையல் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. கணவர் இறந்துபோனபோது மகன் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து அந்த அறைதான் வீடு. கடையில் வெட்டுமேஜை இருந்தது. அந்த மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்துப் படித்துத்தான் மகன் பட்டம் வாங்கினான். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். பட்டம் வாங்கப் போன அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையும் பேண்ட்டும் அவள் தைத்தவை. அவளுடைய அளவு நோட்டில் அவனுக்கென்று தனிப் பக்கம் உண்டு. ஆறு வயது டிராயரில் தொடங்கி, 'இடுப்பு முப்பது' என்ற வரியோடு அந்தப் பக்கம் நிற்கிறது. பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. சட்டைகளும் கடையில் வாங்குகிற சட்டைகளாகிவிட்டன. அந்த வரி எழுதி ஒன்பது வருஷம் ஆகிறது.

ஊருக்கு வெளியே அவள் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தாள். அதில் வீடு கட்ட வேண்டும், மகன் குடும்பத்தோடு வந்து தன்னோடு இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அதை அவனிடம் கேட்டால், "பாக்கலாம்மா" என்பான். முடியாது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் பிளான் போட உட்கார்ந்தாள்.

அடிக்கு ஒரு இஞ்சு என்று கணக்கு வைத்துக்கொண்டாள். நடுவில் பதினாறடி அகலத்தில் ஹால். ஹாலுக்கு இந்தப் பக்கம் அவளுடைய அறை, அந்தப் பக்கம் அதே அளவில் மகனுடைய அறை. ஹாலுக்குப் பின்னால் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்கும்படி பத்தடி அகலத்தில் சமையலறை. மருமகளை நான்கைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் தையல்காரியின் கண் கண்தானே. ஐந்தடி நாலு இஞ்சு என்று மனசில் குறித்து வைத்திருந்தாள். அடுப்பு மேடையின் உயரம் அந்த அளவுக்குத்தான். தனக்கு அது கொஞ்சம் உயரம். போகட்டும், ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றால் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனில் மகனைக் கேட்டாள்.

"எந்தப் பக்கம்டா வேணும் உனக்கு? இடமா, வலமா?"

"எதுக்கும்மா?"

"ரூமுக்குத்தான். இடது பக்கம் காலைலயே சுள்ளுன்னு வெயில் அடிக்கும். பாப்பா தூங்க வேணாமா? நீ வலது எடுத்துக்கோ."

"சரிம்மா. எதா இருந்தா என்ன."

அந்த 'சரிம்மா'வை அவள் இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

பிறகு பிரவுன் பேப்பரில் வரைந்தாள். இங்கேதான் வினை வந்தது. சட்டையின் முதுகுத் துண்டை எந்தத் தையல்காரரும் முழுசாக வரைய மாட்டார். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரமாகப் பாதி முதுகை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது முழு முதுகும் வந்துவிடும். பேப்பரில் வெட்டி வைக்கும் மாதிரியும் பாதிதான் இருக்கும். மடிப்பில் வைக்க வேண்டிய ஓரத்தில் 'மடிப்பு' என்று எழுதி வைத்தால் போதும். முப்பது வருஷமாக வந்த பழக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற வீடுதானே என்று, அவள் தன் பக்கத்தையும் பாதி ஹாலையும் பாதி சமையலறையையும் மட்டும் வரைந்து, ஹாலின் வலது ஓரத்தில் 'மடிப்பு' என்று எழுதினாள். மறுபக்கம்தான் விரித்தால் தானாக வந்துவிடுமே.

ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் போட்டுத் தருகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எல்லா அளவும் அதுல இருக்கு. ஓரத்துல எழுதியும் இருக்கேன், பாத்துக்கோங்க."

பிளான்காரர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "விட்டுட்டுப் போங்கக்கா, பக்காவா போட்டுடலாம்" என்றார்.

நாலு நாளில் பிளான் வந்தது. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். அவள் பிரிக்கவில்லை. சனிக்கிழமை மனையில் அஸ்திவாரத்துக்குக் கோடு போடும்போது மகன் வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் கையால் பிரிக்கட்டும், படித்தவன் பார்த்துச் சொல்லட்டும் என்று மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். தைக்கும்போது அடிக்கடி கண் அதன் மேல் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன் கூப்பிட்டான். ஆபீஸில் லீவு தரவில்லை.

"அதுக்கென்னப்பா, கோடுதானே" என்றாள். ரப்பர் பேண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். காலையில் கொத்தனார் வந்து சுருளை வாங்கிக்கொண்டு போனார்.

ஃபிளாஸ்க்கில் டீயோடு அவள் மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு முடித்திருந்தார் கொத்தனார். மனையின் இடது பாதியில் வெள்ளை வெளேரென்று கட்டங்கள். வலது பாதியில் புல்.

"கொத்தனாரே, மீதிக்குச் சுண்ணாம்பு தீந்துடுச்சா?"

"என்ன மீதி? பிளான்ல இருக்கிறது மொத்தமும் போட்டாச்சே."

"விளையாடாதீங்க. பாதி வீடுதானே இது?"

"அக்கா, இதுதான் வீடு." அவர் தாளை விரித்துக் காட்டினார். "இது பெட்ரூம். இது அஞ்சடி சமையல்கட்டு. நானே நெனச்சேன், அக்கா ஏன் இவ்வளவு சிக்கனம் பிடிக்குதுன்னு. இது எட்டடியில படிப்பு ரூம்."

"என்ன ரூம்?"

"படிப்பு. இங்க பாருங்க, போட்டிருக்கு."

பாதி ஹாலுக்குள் அழகான கம்ப்யூட்டர் எழுத்தில் 'படிப்பு அறை' என்று இருந்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. அவள் எழுதும் 'ம'வுக்குச் சுழி விழாது. பார்க்கிறவர்களுக்கு அது 'ப'தான்.

"ஐயோ, அது மடிப்பு!"

விஷயத்தைக் கேட்டதும் கொத்தனார் முளையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வீட்டையே மடிச்சுக் குடுத்துட்டீங்களா? நல்லவேளை, பட்டனுக்குக் காஜா எடுக்கச் சொல்லாம விட்டீங்க!" அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவர் கேட்டார்: "இப்ப என்னக்கா செய்யறது? அந்தப் பக்கமும் போட்டுடவா? ஒரு மணி நேர வேலை."

"இருங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

புல் இருந்த பக்கமாகத் தள்ளிப் போய் மகனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சூப்பர்மா! டேபிளுக்கு அடியில படிச்சவனுக்கு இப்பதான் ரூம் கிடைச்சிருக்கு." அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகு நாளாகிறது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், இத்தனை நாள் சுற்றி வளைத்ததை நேராகக் கேட்டாள்.

"கொத்தனார் நிக்கிறார். உன் பக்கம் போடவா, வேணாமா?"

சிரிப்பு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். யாரோ அவனை 'சார்' என்று கூப்பிடுவது கேட்டது.

"அம்மா... பாப்பாவை இங்கயே ஸ்கூல்ல சேத்தாச்சு. இவளுக்கும் வேலை இங்கதான். நாங்க வந்தா ரெண்டு நாள் இருப்போம், ஹால்ல படுத்துக்குவோம். எங்களுக்காகப் பெருசா இழுத்துக்காதம்மா. உனக்கு வேண்டியதைக் கட்டு."

"சரிப்பா," என்றாள். "நீ வேலையைப் பாரு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த வெள்ளைக் கோடுகளுக்குள் நுழைந்தாள். கதவு வரவேண்டிய இடம் வழியாகத்தான் நுழைந்தாள். இங்கே கட்டில். எட்டடி அறையில் ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் வெட்டுமேஜை. சுற்றி வர இடம் இருக்கிறது. சமையல்கட்டில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். இந்தக் கோடு இந்த விரல் நுனியில், அந்தக் கோடு அந்த விரல் நுனியில். ஒரு ஆளுக்கு அளவெடுத்து வெட்டியதுபோல எல்லாம் கச்சிதம். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

கொத்தனார் டீயை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். "என்னக்கா?"

"இதையே கட்டுங்க."

"பாதியையா?"

"முழுசுன்னு நீங்கதானே சொன்னீங்க." பிறகு, மடிப்புக் கோட்டின் முனையில் குந்தி உட்கார்ந்து கேட்டாள்: "பின்னால எப்பவாவது பிரிச்சு விடணும்னா முடியுமா?"

"சுவரையா?"

"நாங்க உள்ள துணி விடுவோம். உங்க வேலைல அப்படி ஒண்ணு கிடையாதா?"

"இருக்கே. பல்லு விட்டுக் கட்டுவோம்." அவர் விரல்களைக் கோர்த்துக் காட்டினார். "முன்சுவரும் பின்சுவரும் முடியுற இடத்துல, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல்லை வெளிய நீட்டி வச்சுடுவோம். பிற்பாடு புதுச் சுவர் வந்தா அந்த இடுக்குல கோத்துக்கும். ஒட்டுன மாதிரியே தெரியாது."

"எவ்வளவு நீட்டுவீங்க?"

"ரெண்டேகால் இஞ்சு."

"அரை இஞ்சு போதாதா?"

"இது சட்டை இல்லக்கா."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"பல்லு அது பாட்டுக்கு இருக்கும். கோக்கத்தான் ஆளு வரணும்" என்றவர், சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வீடு எழும்பியது. அவள் குடிவந்தாள். வலப்பக்கத்து இரண்டு மூலைகளிலும் அடியிலிருந்து மேல்வரை செங்கற்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தெருவில் போகிறவர்கள், "என்னக்கா, வேலை இன்னும் முடியலையா?" என்பார்கள். "இப்படித்தான்" என்பாள். துவைத்த துணியைக் கொடியில் இடமில்லாவிட்டால் அந்தப் பல்லில் மாட்டுவாள்.

மூன்று மாதம் கழித்து மகன் தனியாக வந்தான். இரண்டு நாள் என்றது ஒரு பகலாகியிருந்தது. மருமகளுக்கு லீவு இல்லை, பாப்பாவுக்குப் பரீட்சை. வீட்டைச் சுற்றிப் பார்த்தவன் மூலையில் நின்றான்.

"என்னம்மா, செங்கல் எல்லாம் நீட்டிட்டு நிக்குது? கொத்தனார் மறந்துட்டாரா?"

"மறக்கல. நான்தான் விடச் சொன்னேன்."

"மழையில ஊறிடாதா? பூசிடச் சொல்லட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

அவன் ஒரு செங்கல்லைத் தடவினான். போன் அடித்தது, பேசியபடியே புல்லுக்குள் நாலடி நடந்து திரும்பி வந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் டேப்பை எடுத்தாள்.

"திரும்பு. தோளைக் காட்டு."

"எதுக்கும்மா? எனக்கு எட்டு சட்டை இருக்கு."

"காட்டுடா."

படிப்பு அறையின் நடுவில் அவன் சின்னப் பையன்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சுற்றி வந்து அளந்தாள். இடுப்பு முப்பத்தாறு. நோட்டில் ஒன்பது வருஷத்து வரிக்குக் கீழே எழுதினாள். ஆறு இஞ்சு அவளுக்குத் தெரியாமலே கூடியிருந்தது. நாலு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போதே துணியை மேஜையில் விரித்தாள். இரண்டாக மடித்து, நீவிவிட்டு, மடிப்போரமாக அவனுடைய பாதி முதுகை வரைந்தாள். தையலுக்கு விடுகிற இடம் வந்ததும் சாக்கட்டி கொஞ்சம் தயங்கியது. அரை இஞ்சு விடுகிற கை, அன்றைக்கு ஒரு முழு இஞ்சு விட்டது.