ஒரு காதில் முழுப் பாட்டு

இடது பக்கத்துப் பஞ்சு கிழிந்துபோன கறுப்பு ஹெட்போன் ஒன்றைத்தான் அக்கா எப்போதும் எடுத்துக்கொள்வாள். காரைக்குடியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் அதைவிட நல்லவை இருந்தன. படிக்க வரும் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்பாள். கிழிந்த பக்கம் அவளை உறுத்தாததற்குக் காரணம் அங்கே எனக்கு மட்டுமே தெரியும். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவளுடைய இடது காது அடியோடு போய்விட்டது. "வெளிய மூச்சு விடக் கூடாது. கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை" என்று அம்மா எங்கள் இருவரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அப்பா இல்லாத வீடு. அம்மா சொன்னால் சொன்னதுதான். கோயில் பாட்டுக் குழுவில், மற்றவர்கள் குரல் வலது காதில் விழும்படி, எப்போதும் இடது ஓரமாக நின்றுகொள்ளப் பழகியிருந்தாள் அக்கா. பூசைக்கு வந்த யாரும் அதைக் கவனித்ததில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. அக்கா சென்டரில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். நான் கல்யாணப் பத்திரிகைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இன்டர்நெட் என்றால், இருந்த ஒரே டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகுவதுதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வராது என்பதால் சென்டர் நடத்தியவர் அந்த நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அப்படித்தான் அக்காவுக்கு அந்தப் பாட்டுப் போடும் மென்பொருள் அறிமுகமானது. அதை யாரும் விற்கவில்லை. எந்தெந்த நாட்டிலோ இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில், சம்பளம் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். குறை தெரிந்தால் திருத்தி அனுப்பலாம். "சமையக்கட்டுக்குள்ளயே வந்து ருசி பாக்க விடுறாங்கடி" என்று அக்கா வியந்துபோனாள்.

ஒருநாள் அதில் ஒரு பழைய சினிமாப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள் முகத்தைச் சுளித்தாள். ரேடியோவில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடக் கேட்ட பாட்டு அது. இப்போது ஆண் குரல் மட்டும்தான் வருகிறது, பெண் பாடுகிற இடத்தில் வெறும் தபலா ஓடுகிறது, கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்றாள். நான் ஹெட்போனை வாங்கி மாட்டினேன். பாட்டு அருமையாக இருந்தது. "அந்தப் பொம்பள குரல் நல்லாத்தானே வருது?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டீரியோவில் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்த பாட்டு; அந்தக் குரல் இடது பக்கத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அக்கா ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு, "அப்ப எத்தன பாட்டுல பாதிய விட்டிருக்கேன்?" என்று கேட்டாள். சோறு அப்படியே இருந்தது. அவள் நிரலைத் திறந்துவிட்டாள்.

வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கத்து ஒலியும் கலந்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும். முதலில் இரண்டையும் அப்படியே கூட்டினாள். சத்தம் வரம்பை மீறி அப்பளம் நொறுங்குவது போல வந்தது. ஒவ்வொன்றையும் பாதியாக்கிவிட்டுக் கூட்டியதும் தெளிந்தது. ஆனால் இடது பக்கம் சரியாக வருகிறதா என்று அவளால் சோதிக்க முடியாது. "இங்குட்டு வா, இடது காதுல மாட்டிச் சொல்லு" என்று என்னைக் கூப்பிடுவாள். பத்திரிகை வாங்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு நான் ஓடுவேன். பெண் குரல் அவளுடைய வலது காதுக்குள் முதல்முறையாக நுழைந்த மத்தியானம் அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திருத்தத்தை அனுப்பினாள். மென்பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அதை எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவிலேயே மரியாதையாக மறுத்துவிட்டார். நிரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்த பாட்டை ஒன்றாக்கிக் கேட்க யாருக்கு வேண்டியிருக்கும் என்று கேட்டிருந்தார். அக்கா அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் பதில் அடித்தாள்: எனக்கு வேண்டும், எனக்கு ஒரு காதுதான் கேட்கும். அனுப்புவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அம்மாவை நினைத்தேன். அக்கா அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த பதில்களை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் தன் தகப்பனாருக்கும் அப்படித்தான் என்று எழுதினார். ஒரு டாக்டர், பொன்னுக்கு வீங்கியால் போகும் காதை மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியாது என்று விளக்கியிருந்தார். பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வெளியீட்டில் அக்காவின் பெயர் இருந்தது. பக்கத்தில் காரைக்குடி என்றும் போட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தேவகோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத் தட்டை வைத்துவிட்டு, அக்கா நின்றபடியே, "எனக்கு இடது காது கேக்காது. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார், "சொன்னீகளே, அதுவே பெருசு. கலந்து பேசிச் சொல்லி விடுறோம்" என்று எழுந்தார். அவர்கள் சொல்லி விடவே இல்லை.

அம்மா அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை என்னிடம்தான் கொடுப்பாள். பிறகு ஒரு மத்தியானம் சென்டர் வாசலில் வந்து நின்றாள். "காது கேக்காதுன்னு ஊருக்கே சொல்ற அளவுக்கு இங்க அப்படி என்னதான்டி செஞ்ச?" என்று கேட்டாள்.

அக்கா அவளை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். இடது பக்கத்தை மட்டும் காதிலிருந்து நகர்த்திவிட்டு அதே பாட்டைப் போட்டாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "பொம்பள பாடக் காணோமே" என்றாள். அக்கா பொத்தானை அழுத்தினாள். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இப்படியாடி கேட்டுக்கிட்டு இருந்த? காய்ச்சல் அடிக்கையில வேப்பிலைய அரைச்சுப் பூசிக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருந்தேனே. அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்."

அம்மா இத்தனை வருடமும் மூடி மறைத்தது அக்காவின் காதை மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா அந்த டாக்டரின் அஞ்சலைத் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்ற இடத்தை அம்மா திரும்பவும் சொல்லச் சொன்னாள். அக்கா சலிக்காமல் சொன்னாள்.

இன்று என் கைப்பேசியின் அமைப்புகளுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. விரலால் தொட்டால் போதும். அக்கா திருத்திய மென்பொருளை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. "நம்ம வரியெல்லாம் எப்பவோ அழிச்சு எழுதியிருப்பாக" என்கிறாள் அவள், வருத்தமே இல்லாமல்.

அன்று அம்மா சென்டருக்கு வந்துபோன பிறகு, பெண் பார்க்க வந்தவர்களை அம்மாவே வாசலில் எதிர்கொண்டாள். "எம் மகளுக்கு எடது காது கேக்காது. அதச் சொல்லிட்டுத்தான் காப்பி குடுப்பேன்" என்பாள். சிலர் காப்பி குடிக்காமலே பஸ் ஏறினார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் காப்பியை வாங்கி நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் எந்தப் பக்கம் உக்காந்து பேசணும்?" என்று கேட்டார்.

அக்கா தன் வலது பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி என் கையில் கொடுத்தாள்.