கொடியில் காய்ந்த சேலைகள்

போன மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பருக்குப் பாளையங்கோட்டையில் மிச்சமிருக்கும் பழைய கோட்டையைக் காட்டப் போனேன். இருட்டான ஒரு படிக்கட்டு மூலையில் வவ்வால் நாற்றம். "சரித்திர வாசனை" என்றார் நண்பர். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்கு வேறொரு படிக்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் இளம் நிருபர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. தூண் என்றால் எண்ணுவேன். படி என்றால் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை எண்ணுவேன். என் செய்திக்குத் திருத்தம் வந்ததில்லை என்று பேச்சுவாக்கில் நானே சொல்லிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை இதழுக்காக நம் பக்கத்துக் கோட்டை, அரண்மனை, குளங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கடல் மாதிரிக் கிடந்தாலும் நமக்கு அது குளம்தான். ஏரி என்பது பாடப்புத்தகத்துச் சொல்.

முக்கூடல் தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம், அன்று எழுதியதே போதும். குளத்தங்கரையில் அரண்மனை. ஜமீன் போய் வெகுகாலம். வாரிசுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஊரில் அவரை ராசா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையா கேலியா என்பது கூப்பிடுகிறவரைப் பொறுத்தது. எனக்காக லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். தேய்த்த சட்டை.

கொலுமண்டபத்தில் பதினாறு தூண்கள். ரசம் போன கண்ணாடி. வவ்வால்கள். நடந்துகொண்டே பின்பக்கக் கதவொன்றை இழுத்துச் சாத்தினார். "அங்கன வேண்டாம் தம்பி. வீட்டாளுக பொழங்குத இடம்." அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் சற்று முன் ஒரு கை மட்டும் வெளியே வந்து, எனக்குக் கருப்பட்டிக் காப்பி நீட்டியிருந்தது.

"மாடிக்கு வாங்க. குளத்த அங்கருந்து எடுத்தாத்தான் படம். பைய வாங்க, படி ஆடுது. கொளம் நெறஞ்சு மிச்சத் தண்ணி மறுகா பாயும்போது சத்தம் இங்கன கேக்கும் பாத்துக்கிடுங்க, ரயில் போற மாதிரி."

மாடி சன்னலில் கேமராவைத் தூக்கினேன். குளம் தெரிந்தது. குளத்துக்கும் சன்னலுக்கும் நடுவே, அவர் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்த முற்றமும் தெரிந்தது. கொடியில் மூன்று சேலைகள். இரண்டில் ஒட்டுப்போட்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்று குளத்துக்கு எத்தனை மடை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேமராவைச் சற்றுக் கீழே தாழ்த்தினேன்.

படத்தின் கீழே எழுதினேன்: 'அன்று கொடி பறந்த அரண்மனை, இன்று கொடியில் ஒட்டுச்சேலை.'

செய்தி ஆசிரியர் முதுகில் தட்டினார். "ஏலே, ஒத்த வார்த்தைய வச்சு வெளையாடிட்டியே!" அன்றைக்கு எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ராசா அலுவலகத்துக்கு வந்தார். அதே தேய்த்த சட்டை. மடித்த பத்திரிகையை என் மேசைமேல் விரித்தார்.

"மகளுக்கு சாத்தான்குளம் பக்கம் பேசி முடிச்சிருந்தோம். வெள்ளிக்கெழம பூ வைக்க வாரதா இருந்தாவ. இதப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்லுதோம்னு ஆள் அனுப்பிட்டாவ."

செய்தி ஆசிரியர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார். "எது தப்புன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நாளைக்கே திருத்தம் போட்டிருவோம்."

ராசா விரலை வைத்து முதலிலிருந்து வாசித்தார். தூண் சரி. மடை சரி. படி சரி. கடைசி வரிவரை வந்து விரலை எடுத்துக்கொண்டார். "தப்புன்னு ஒண்ணும் இல்ல. அதான் கஷ்டம்."

பிறகு என்னைப் பார்த்தார். "அது வேலைக்காரி சேலன்னு ஒரு வரி போடலாமா தம்பி?"

அந்த வீட்டில் வேலைக்காரி கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பொய் எழுத முடியாது அண்ணாச்சி" என்றேன். சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று நினைவு.

ராசா என் மேசையில் விரித்திருந்த அதே பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு பொதுக்கூட்டச் செய்தி, நான் எழுதியது. பாதி நாற்காலி காலியாகக் கிடந்த கூட்டம். 'மக்கள் வெள்ளம்' என்று எழுதியிருந்தேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவோம். அதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை.

செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்திருந்தால் போட்டிருப்பார். நான் அசைக்கவில்லை.

"சரி வே. நீங்க படிச்சவிய" என்றார் ராசா. பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று, அந்தப் பெண்ணுக்கு அப்புறம் எங்கே அமைந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்பதுதான் என் தொழில். முக்கூடல் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வெகுகாலம் இறங்கி இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வேலையாக அந்த வழியே போனபோது ஒருவழியாக இறங்கினேன். அரண்மனையை இடித்து மனை போட்டு விற்றிருந்தார்கள். குளத்தில் பாதியைத் தூர்த்து ரோடு வந்துவிட்டது. மறுகால் இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. டீக்கடையில் இருந்த இளைஞர் ஒருவரிடம் அரண்மனைக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி யாரையும் தெரியாது என்றார்.

"ஆனா அரமண படம் இருக்கு அண்ணாச்சி, பாக்கியளா? ஊருக்கு இருக்குதது இந்த ஒரே படம்தான்" என்று செல்போனைத் தேய்த்து நீட்டினார். பத்திரிகையில் வந்த அதே படம்; கீழே என் வரி, எழுத்துப் பிசகாமல் இருந்தது.