வெறுங்கையோடு போக வேண்டும்

பர் துபாயில் டிக்கெட் போடுகிற வேலையில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர் உலகத்தையெல்லாம் அவரவர் ஊருக்கு அனுப்பி வைத்தவன், என் மகளை மட்டும் அவளுடைய இன்னொரு ஊருக்கு அனுப்பியதே இல்லை. என் மனைவி கென்யாவின் மொம்பாசாக்காரி. ஆனால் லீவு கிடைத்தால் போனதெல்லாம் ராமநாதபுரம் பக்கம் என் ஊருக்குத்தான். அங்கே சொந்தக்காரர்கள் மகளின் சுருட்டை முடியைத் தொட்டுப் பார்த்து, "வாப்பா ஜாடை கொஞ்சமும் இல்லையே" என்பார்கள். பதினாறு வயதில் ஒருநாள் அவள் சொன்னாள்: "இனிமே நான் எங்கயும் வரல வாப்பா. எனக்கு ஊரே இல்ல."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அவர்கள் மேல் அல்ல, என் மேல்.

அவளைப் போல, அம்மாவோ அப்பாவோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைத் தேடினோம். லாபம் பார்க்காமல் அவர்களைச் சொந்த மண்ணுக்குக் கூட்டிப்போக ஓர் அமைப்பு. இங்கே நினைத்தவுடன் சங்கம் வைத்துவிட முடியாது. அதனால் மொம்பாசாவை அடுத்த கடலோர ஊரில், மனைவியின் அக்கா வீட்டு முகவரியில் பதிவு செய்தோம். அதற்கே ஒரு வருஷம் அலைந்தோம். "கமிஷன் இல்லாம டூரா?" என்று ஆபீசில் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

முதல் பயணத்துக்கு என் மகளையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிறவன் என்ன செய்வான்? பெட்டி கட்டுவான். பால் பவுடர், சோப்பு, சென்ட், கம்பளி. எல்லோரையும் ஆளுக்கொரு பெட்டி கட்டச் சொன்னேன். கயிறு போட்டு முடிச்சுப் போடவும் நானே கற்றுக்கொடுத்தேன்.

மனைவியின் அக்கா ஊரில் போய் இறங்கினால், பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே பாயில் ஊர்ப் பிள்ளைகள். பெட்டியைப் பிரித்ததும் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். உதவி கொடுக்க வருகிற வெளியாட்களை அவர்களுக்கு நல்ல பழக்கம். சோப்பு வாங்கியவர்கள் கைதட்டினார்கள். படம்கூட எடுத்தேன், மடையன்.

ஹோட்டலுக்குத் திரும்பும் வேனில் மகள் அழுதாள். "பெரியம்மா எனக்கு தேங்க்யூ சொன்னாங்க வாப்பா. நான் அவங்களுக்கு யாரு?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டிக்கெட் போட்டீங்க, விசா போட்டீங்க, பெட்டி கட்டினீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு ஒரே விதி வைத்தேன்: மாற்றுத்துணி தவிர எதுவும் கொண்டுபோகக் கூடாது, அவரவர் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும். பெற்றோர் கொதித்துப்போனார்கள். புஜைரா துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு மொம்பாசாக்காரர் பஸ் ஏறி வந்து என் மேஜையைத் தட்டினார். "காலி ஹாத்? என் மகன் வெறுங்கையோடு போனால் என்னை மதிப்பார்களா பாய்?" என்று இந்தியில் கேட்டார். அவர் வலி எனக்குத் தெரியும். நானும் ஒருமுறைகூட என் ஊருக்குப் பெட்டியில்லாமல் போனதில்லை. போகத் தைரியம் இருந்ததில்லை.

"பெட்டி இருந்தா டிக்கெட் மாஃபி. கலாஸ்" என்றேன், டிக்கெட் கிடையாது, பேச்சு முடிந்தது என்று. அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, மகனின் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மகளும் வரமாட்டேன் என்றாள். நானும் விடவில்லை. இன்னொரு முறை மட்டும் என்று கெஞ்சினேன், கையெடுத்துக் கும்பிடாத குறைதான். கடைசியில் அரைமனதாகச் சம்மதித்தாள். எனக்கு லீவு கிடைக்காததால் மனைவிதான் பிள்ளைகளைக் கூட்டிப்போனாள்.

மூன்று நாள் மகளிடமிருந்து போன் இல்லை. இதுவும் வீணாய்ப் போயிற்று என்றே முடிவுகட்டினேன். நான்காம் நாள் மதியம், கவுண்டரில் ஆள் நிற்கும்போது கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் ஒரு துள்ளல்.

"வாப்பா, பெரியம்மா என்னைச் செமயா திட்டிட்டாங்க! லேட்டா எழுந்தேனாம். தண்ணி பிடிக்கலயாம். எல்லார் முன்னாடியும் வாப்பா!"

பின்னால் ஒரு பெண்ணின் குரல் சுவாஹிலியில் எதையோ கத்தியது. என் மகளுடைய பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

"கூப்பிடுறாங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.