ஜெசிகாவின் இடது கை

பிரசவ அவசரத்தில் தோளைப் பிடித்து இழுத்ததில் ஜெசிகாவுக்கு இடது கை நரம்பு நைந்துவிட்டது. பார்க்க முழுக் கைதான். தூக்கினால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானாக விழுந்துவிடும். சாந்தோம் பக்கத்துச் சந்தில் அவளுக்கு அதுவே பெயர்: "சொத்தக்கை ஜெசி."

அம்மா ஈவ்லின் மாதா கோயில் பங்குப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்குள் அந்தக் கையைப் பற்றிப் பேச்சே கிடையாது. வெளியே போனால் ஒரே சட்டம்: யார் முன்னாலும் கை விழக் கூடாது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஜெசிகா பிடிப்பாள், உள்ளே பல்லைக் கடித்தபடி, முகத்தில் சிரிப்போடு.

"நாளைக்கு உனக்கு ஒரு இடம் பாக்கணும்டி. ஊரே பாத்துட்டிருக்கு" என்பார் ஈவ்லின்.

கல்லூரியில் அவள் கைக்கு ஈட்டி வந்தது. வலது கை அபாரம். பயிற்சியாளர் மணிமொழி அவளை மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா போட்டிகளில் இறக்கினார். மாநிலத்தில் தங்கம், தேசிய அளவில் வெள்ளி. பாராலிம்பிக்ஸ் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்தபோது ஜெசிகா அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். போரில் முதுகுத்தண்டு நொறுங்கியவர்கள் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பு விட்டதில் தொடங்கிய கதை அது. துணிவு, மனஉறுதி, ஊக்கம், சமத்துவம் என்று அதற்கு நான்கு விழுமியங்கள். நான்காவதை அவள் அப்படியே நம்பினாள். அங்கே கையை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் வெளிநாட்டுப் போட்டியிலேயே ஒரு வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. மருத்துவக் குழு குறையை அளக்கும். குறை போதாது என்றால் வெளியேதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத மூன்று பேர். ஒருவர் அவள் இடது கையை உயர்த்தி, மேலிருந்து அமுக்கி, விழாமல் நிறுத்தச் சொன்னார். பிறந்ததிலிருந்து அவள் பழகிய வேலை அது ஒன்றுதான். அந்நியர்களைக் கண்டதும் கை தானாக விறைத்துக்கொண்டது. கழுத்தில் வியர்வை இறங்க, சிரித்த முகமாக நிறுத்தினாள்.

தகுதி இல்லை என்றார்கள். மறுநாள் இரண்டாவது குழு பார்க்கும்.

மணிமொழி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்ல எப்படி விழுதோ அப்படி விட்டிருக்க வேண்டியதுதானேடி!"

"இன்னிக்கு நின்ன கை நாளைக்கு விழுந்தா நடிக்கறேன்னு சொல்ல மாட்டாங்களா மேடம்?"

குறையைக் கூட்டிக் காட்டியதாகச் சந்தேகம் வந்தால் தடைதான் என்பது இருவருக்கும் தெரியும். இரண்டாவது குழுவின் முன்னாலும் கை நின்றது. மாலையில் வீங்கிக் கிடந்தது. அப்போது அளக்க யாரும் இல்லை.

செய்தி அவளுக்கு முன்பே ஊர் வந்துவிட்டிருந்தது. திரும்பிய அன்று சந்து முனையில் மீன் விற்கும் லூர்துமேரி மடக்கினாள். "இன்னாடி ஜெசி, நல்லா கீற கைய வச்சிக்கினு இம்மாம் நாளா யார டபாய்ச்ச?"

"நீதானேக்கா சொத்தக்கைன்னு கூப்ட்ட?"

"நான் சும்மா கூப்டறது. டாக்டர் சொல்லிக்கிறான்ல?"

ஈவ்லின் டீச்சர் முகத்தில் மட்டும் அப்படியொரு வெளிச்சம். அடுத்த மாதமே அடையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஃபாரின் டாக்டருங்களே ரெண்டு தடவ பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று கேக் தட்டை நகர்த்தினார் ஈவ்லின்.

மாப்பிள்ளையின் அம்மா கிளாடிஸ் கேக்கைத் தொடவில்லை. "அப்ப எதுக்கு ஊனமுற்றவங்களோட போட்டி போட்டா? அந்த மெடல் எல்லாம் அவங்களுக்குப் போக வேண்டியதில்லையா?"

ஜெசிகா எழுந்து போய் கிளாடிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அமுக்க வேணாம். சும்மா விடுங்க."

கிளாடிஸ் விட்டார். கை மடியில் விழுந்தது. ஜெசிகா அதை எடுக்கவில்லை, துப்பட்டாவால் மூடவும் இல்லை. காபி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஈவ்லின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒரு பத்து நிமிஷம் தாங்கியிருக்கக் கூடாதாடி?"

"அங்க தாங்கினேனே மம்மி" என்றாள் ஜெசிகா. "அதான் இங்க உக்காந்திருக்கேன்."