கறைபடாத கவுன்

பாலக்கரை ரமீஜா யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் கண்ணெதிரே பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். 1961-ல் மகள் மைமூனைப் புதிதாகத் திறந்த நர்சரி ஸ்கூலில் சேர்த்தபோதும் அவளுக்கு அரைமனம்தான்.

ஒருநாள் பிள்ளைகள் வெறுங்கையால் பெயிண்ட் அடித்து விளையாடினார்களாம். ஆனால் மைமூனின் வெள்ளைக் கவுனில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.

“நான் நீல யானை வரைஞ்சேம்மா,” என்றாள் குழந்தை.

ரமீஜா நம்பவில்லை. தன் மகளை மட்டும் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடுத்த தடவை பெயிண்ட் விளையாட்டு நடந்தபோது, சொல்லாமல் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் பெரியவர்களின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள். நடுவில் மைமூன், முழங்கை வரைக்கும் நீலமாக நின்றாள்.

ஆயா செல்லாயி ரமீஜாவைப் பார்த்துவிட்டாள். “உள்ள வாங்கம்மா. முதல்லயே கையில தேங்காயெண்ணெய் தடவிடுவோம். காயறதுக்குள்ள தொடைச்சா சாயம் பிடிக்காதுங்க.”

“அதெப்படிப் பிடிக்காம இருக்கும்?”

ரமீஜா ஒரு விரலில் மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டு, பக்கத்து விரலையும் சேர்த்து நீலத்தில் முக்கினாள். துடைத்தபோது எண்ணெய் விரல் சுத்தமானது. மற்றது நகக்கண் வரை நீலமாகவே இருந்தது. மைமூன் கைகொட்டிச் சிரித்தாள்.

வீட்டில் கணவர் அந்த விரலைப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார்.

“உங்க பழைய சட்டை ஒண்ணு எடுத்துக் குடுங்க. புள்ளைக்கு யாரு போட்ட சட்டையை மாட்டி விடுறாங்களோ, தெரியல,” என்றாள் ரமீஜா.